சரோஜா பேரில் வந்த மாத்திரை

"அப்போ அவ்வளவு மாத்திரையும் எங்கம்மா போச்சு? ஜன்னல் வழியா காக்காய்க்குப் போட்டியா?"

"முழுங்கினேன்ட்டி. எத்தனை தடவை கேப்ப?"

"ஆறு வருஷம் கால்சியம் முழுங்கின எலும்பு இப்படியா இருக்கும்? டாக்டர் அந்த ஃபிலிமை வெளிச்சத்துல தூக்கிக் காட்டினாங்களே, நீயும்தானே பார்த்த? செல்லரிச்ச பேப்பர் மாதிரி இருக்கு. பொய் சொல்லாதம்மா."

"ஒருநா ரெண்டுநா மறந்திருப்பேன். மத்தபடி முழுங்கினேன்."

"சரி, எந்த நேரத்துல? காலையிலயா ராத்திரியா? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? சொல்லு பார்ப்போம்."



மகேஸ்வரன் கதவுக்கு வெளியே, மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தார். ஒரு கையில் நனைந்த குடை. இன்னொரு கையில் கரியாஹாட் மார்க்கெட்டில் வாங்கிய மௌரலா மீன். விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன், முள்ளோடு மென்று தின்பது. உள்ளே கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. பெரிய வெள்ளை மாத்திரை. தொண்டையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுசும் வேண்டும் அதற்கு.

ஆறு வருஷமாக அதை விழுங்கியவர் அவர்தான்.

"பாரு, தெரியலை. நேரமே தெரியலை உனக்கு" என்றாள் மகள் சாதனா. "ஆபீஸ் ஆஸ்பத்திரியில மாசாமாசம் குடுத்திருக்காங்க. வாங்கி வாங்கி எங்க கொட்டினியோ. உனக்கு இப்ப கை மட்டுமா உடைஞ்சிருக்கு?"

"மெதுவா பேசு. அப்பா வந்துருவாவ."

"வரட்டுமே. அப்பாவுக்கும் தெரியட்டும் நீ செஞ்ச காரியம்."

மகேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைத் தள்ளினார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். சரோஜா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட வலது கை ஒரு தலையணை மேல் கிடந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த மீன் பையைத்தான் பார்த்தாள்.

"மௌரலாவா? ஒரு கையை வச்சுக்கிட்டு அதை யாரு கழுவ?" என்றாள்.

அவர் சமையலறைக்குப் போய்ப் பையைத் தொட்டியில் வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தார். தண்ணீர்ச் சத்தம் இருக்கும்வரை யாரும் தன்னோடு பேச மாட்டார்கள் என்பதற்காகவே அதை வெகுநேரம் ஓடவிட்டார்.

மகேஸ்வரன் தூத்துக்குடிக்காரர். கல்கத்தா துறைமுகத்தின் கிடர்பூர் டாக்கில் ஷெட் சூப்பர்வைசராக இருந்து போன வருஷம்தான் ரிட்டையர் ஆனார். நல்ல உயரம், அகன்ற தோள். கிடர்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் விளையாட்டு நடத்துவார்கள். அதில் கயிறு இழுக்கும் போட்டி என்றால் மகேஸ்வரன்தான் கடைசி ஆள், கயிற்று நுனியை இடுப்பில் சுற்றிக் குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு நிற்பவர். பதினைந்து வருஷம் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

1997 பொங்கலில்தான் அது நடந்தது. ஜெயித்தார்கள். ஆனால் கடைசி இழுப்பில் அவர் நடுமுதுகில் எதுவோ பட்டென்று விட்டுப்போனது. சத்தம் வெளியே கேட்டிருக்குமோ என்று அவர் பயந்தார், அப்படி இருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. பையன்கள் தோளில் தூக்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆபீஸ் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், கரியாஹாட் பக்கம் ஒரு பிரைவேட் டாக்டரிடம் போனார். வயதானவர். படத்தை நெடுநேரம் பார்த்தார். முதுகெலும்புக் கோவையில் ஒரு கட்டை எலும்பு முன்பக்கம் அமுங்கியிருக்கிறது, எலும்பே மெலிந்து போயிருக்கிறது என்றார். மூச்சிரைப்புக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கல்கத்தா குளிர் ஆரம்பித்தால் மகேஸ்வரனுக்கு இரைப்பு வந்துவிடும். அதற்குப் பத்து வருஷமாக மாத்திரை. அந்த மாத்திரை எலும்பை உருக்கியிருக்கும் என்றார் டாக்டர். பிறகு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொன்ன மாதிரிதான், "இது சாதாரணமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வரும்" என்றும் சொன்னார்.

அந்த ஒரு வரிதான் மகேஸ்வரனைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் அதன் பிறகு சொன்னது நிறைய. கால்சியமும் வைட்டமின் டி-யும் விடாமல் சாப்பிட வேண்டும், தயிர், எள், கேழ்வரகு, பொடி மீன் தினமும் ஏதாவது ஒன்று, காலை வெயிலில் அரை மணி, வேகமான நடை, படி ஏறி இறங்குவது. எல்லாவற்றையும் மகேஸ்வரன் எழுதிக்கொண்டார். எழுந்தபோது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "உங்க மனைவிக்கு என்ன வயசு? ஐம்பதா? அவங்களையும் ஒரு தடவை காட்டுங்க. அவங்களுக்கும் இதெல்லாம் வேணும்." அதற்கு அவர் தலையாட்டினார். எழுதிக்கொள்ளவில்லை.

கால்சியம் ஆபீஸ் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும். ஆனால் அங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் பெத்துராஜ். நம்ம ஊர்க்காரன், நல்லவன், ஆபத்துக்கு ஓடி வருவான். வாய்தான் அடங்காது. அதற்கு முந்தின வருஷம் கணக்குப் பிரிவு விஸ்வநாதன் மூலத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பொங்கலுக்கே பெத்துராஜ் மைக்கைப் பிடித்து, "விஸ்வநாதன் அண்ணாச்சி வாராவ, அவியளுக்கு மட்டும் நாற்காலியில ரெண்டு தலகாணி போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டான். முந்நூறு பேர் சிரித்தார்கள். மகேஸ்வரனும்தான் சிரித்தார். விஸ்வநாதனின் மனைவி எழுந்து வெளியே போனதை அன்று அவர் பார்த்தார்.

'கயித்துக்குக் கடைசி ஆளுக்குப் பொம்பளையாளு வியாதியாம்' என்று பெத்துராஜ் மைக்கில் சொல்வது போல அவருக்குக் காதில் கேட்டது. அதனால்தான் அந்த யோசனை வந்தது. குடும்பத்தார் எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில் தனித்தனி மருந்துப் புத்தகம் உண்டு. சரோஜா பேரில் ஒன்று சும்மா கிடந்தது.

"எனக்கு எங்கே வலிக்குதுன்னு சொல்லணும்?" என்று கேட்டாள் சரோஜா, ஆஸ்பத்திரிக்கு டிராமில் போகும்போது. அவளுக்கு இது ஏதோ விளையாட்டு மாதிரி இருந்தது.

"நடு முதுகுல. குனிஞ்சா வலிக்கும், நிமிந்தா வலிக்கும்."

"திரும்பினா?"

"திரும்பினாலும் வலிக்கும்."

"அம்புட்டு வலியையும் வச்சுக்கிட்டா பெட்டியைத் தூக்கிட்டு நேத்து படி ஏறுனீங்க?" என்று அவர் முதுகை லேசாகத் தொட்டாள். பிறகு டாக்டரிடம் போய் அவர் வலியைத் தன் வலியாகச் சொன்னாள். சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னாள். அந்த டாக்டர் கால்சியம் எழுதினார். கூடவே முதுகுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லிச் சீட்டும் கொடுத்தார். சரோஜாவின் முதுகைப் படம் எடுத்தால் எல்லாம் நன்றாக இருக்கும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மகேஸ்வரன் நினைத்தார். வெளியே வந்ததும் சீட்டை நான்காகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார்.

அவள் முதுகில் என்ன இருந்தது என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

அதிலிருந்து ஆறு வருஷம் அந்த வீட்டில் ஒரு சட்டம் மாதிரி எல்லாம் நடந்தது. விடியற்காலையில் மகேஸ்வரன் டாக்குரியா ஏரியைச் சுற்றிக் கைவீசி நடப்பார். அவர் திரும்பி வருவதற்குள் சரோஜா கேப்பைக் கூழ் காய்ச்சி வைத்திருப்பாள். வெயில் மொட்டை மாடிக்கு வந்ததும் அவர் நாற்காலியைப் போட்டு உட்காருவார். அவள் கீழே, வெயில் எட்டிப்பார்க்காத சமையலறையில், அவருக்கு எள்ளை வறுத்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் அவருக்கு ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். அவளுக்கு மிஞ்சின மோர், அல்லது ரசம். மீன் வறுத்தால் முக்கால் தட்டு அவருக்கு. யாரும் அவளைச் சாப்பிடாதே என்று சொல்லவில்லை. மருந்து மாதிரி அவருக்காக வாங்குவது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை அவள் கிடர்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு மாத்திரை வாங்கி வருவாள்.

"மதினி, இந்நேரத்துக்கு உங்க எலும்பு இரும்பா ஆகியிருக்குமே! ஹௌரா பாலத்துல ஒரு தூண் போச்சுன்னா உங்களைத்தான் நட்டு வைக்கணும்" என்பான் பெத்துராஜ்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பாள். மகேஸ்வரனும் சிரிப்பார்.

சாதனாவுக்கு இது எதுவும் தெரியாது. 97-இல் அவள் துர்காபூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் பெங்களூரில் வேலை. இப்போது 2003 ஆகஸ்டில், மழைத் தண்ணீர் தெறித்த மாடிப்படியில் அம்மா வழுக்கி உட்கார்ந்தாள், ஊன்றிய கை மணிக்கட்டோடு ஒடிந்தது என்று கேட்டதும் பத்து நாள் லீவு போட்டு ஓடி வந்திருந்தாள். சின்ன விழுகைதான். நான்கு படிகூட இல்லை. ஆபீஸ் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த லேடி டாக்டருக்கு அதுதான் உறுத்தியது. படம் எடுத்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். முதுகெலும்பில் இரண்டு கட்டை ஏற்கனவே அமுங்கியிருந்தது. அதன் பிறகு மருந்துப் புத்தகத்தைப் புரட்டினார். ஆறு வருஷம் விடாமல் கால்சியம். டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

அவர் சுருக்கியதன் அர்த்தத்தைச் சனிக்கிழமை மத்தியானம், மீன் வறுபட்டுக்கொண்டிருக்கும்போது, சாதனா அப்பாவுக்கு விளக்கினாள்.

"இவ்வளவு மருந்து சாப்பிட்டும் இப்படின்னா உள்ளே வேற ஏதோ இருக்கணும்ப்பா. மஜ்ஜையில கோளாறு இருந்தா இப்படி எலும்பை அரிக்குமாம். கேன்சர் மாதிரி. அப்படி இருக்கணும்னு இல்லை, ஆனா பார்த்துடணும்னு சொல்றாங்க. திங்கட்கிழமை அட்மிட் பண்ணி இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுக்கப் போறாங்க."

"இடுப்பெலும்புலயா?" என்றார்.

"ஆமா. ரொம்ப வலிக்குமாம். உஃப், அதான் அம்மாகிட்ட உண்மையைக் கேட்டுக்கிட்டிருந்தேன். மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலைன்னு அவ ஒத்துக்கிட்டா இந்த ஊசியே வேண்டியிருக்காது. முழுங்கினேன் முழுங்கினேன்னு சாதிக்கிறா." சாதனா அவர் தோளைப் பிடித்து அழுத்திவிட்டாள். "நீங்க ஒருத்தராவது உடம்பைப் பார்த்துக்கறீங்களே. ஐம்பத்தொன்பது வயசுன்னு யாராவது சொல்லுவாங்களா? அம்மா உங்களைப் பார்த்தாவது கத்துக்கிட்டிருக்கலாம்."

கரண்டி அவர் கையில் அப்படியே நின்றது. இப்போது சொல்லிவிடலாம். ஒரே வரி. வாயையும் திறந்தார்.

"மீன் கருகுதுப்பா" என்றாள் சாதனா.

அவர் மீனைத் திருப்பிப் போட்டார்.

சாயங்காலம் சாதனா பெங்களூருக்குப் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருந்தாள். மகேஸ்வரன் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் சரோஜா குள்ளமாகிப் போயிருந்தாள். அது இப்போதுதான் தெரிந்தது அவருக்கு. போன தீபாவளிச் சேலையைக் கட்டினபோது, கொசுவம் தரையில் புரளுகிறது, சேலை அகலம் கூடிப் போச்சு என்று அவள் சொன்னாள். நல்ல கடையில்தானே வாங்கினேன் என்று அவர் கோபித்துக்கொண்டார்.

"சரோ" என்றார்.

"என்ன?"

"திங்கக்கெழமை டாக்டர்ட்ட நீ மாத்திரை சாப்பிடலைன்னு சொல்லிரு. மறந்துட்டேன், புடிக்கலை, தூரப் போட்டுட்டேன், ஏதாவது சொல்லு. ரெண்டு வார்த்தை ஏசுவாங்க, அவ்வளவுதான். ஊசி தப்பிச்சுரும்."

சரோஜா அவரை நேராகப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் சத்தம் போட்டுப் பேசி அவர் கேட்டதில்லை. அன்றும் சத்தம் போடவில்லை.

"ஏங்க, அதையும் நானேதான் சொல்லணுமா?"

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"ஒரு பொய்யை உங்களுக்காக மாசாமாசம் கையெழுத்துப் போட்டுச் சொன்னேன். மனசாரத்தான் செஞ்சேன், இல்லைங்கல. இப்போ பெத்த மக என்னைய மாத்திரையைச் சாக்கடையில கொட்டினவள்னு பேசுதா. இனி டாக்டர் முன்னாடியும் நான் கொட்டினவளா நிக்கணுமா? மாட்டேன். ஊசி குத்தினா குத்திட்டுப் போவட்டும். எனக்குப் புதுப் பொய் ஒண்ணு பழக இனிமே முடியாது."

"அது கேன்சருக்குப் பாக்குற ஊசியாம் சரோ."

"தெரியும். ரெண்டு நாளா அதை நெனச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்."

தனக்குக் கேன்சராக இருக்குமோ என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருக்கிறாள். மாத்திரையைத் தின்றது யார் என்று சொல்லி அந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டிய ஆள் தான்தான் என்று மகேஸ்வரனுக்கு அப்போது உறைத்தது. அவள் பயந்துகொண்டு கிடந்தபோது அவர் பக்கத்து அறையில் படுத்துத் தூங்கியிருக்கிறார். அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மகளோடு தனியாக இருக்க நேராதபடி பார்த்துக்கொண்டார். காலையில் நடக்கப் போனவர் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினார். அவருக்குக் கால் வலிக்கவில்லை, முதுகும் வலிக்கவில்லை. எத்தனை சுற்றும் நடக்கலாம் போலிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சிறு வயதுக்காரர், வங்காளி. சரோஜாவை, சித்தி என்கிற மாதிரி, மாஷிமா என்றுதான் கூப்பிடுவார். அன்று புத்தகத்தை மறுபடி புரட்டிவிட்டு, வங்காளமும் இங்கிலீஷும் கலந்து, "மாஷிமா, நான் உங்களை நம்பாமல் இல்லை. ஆனால் ஊசிக்கு முன்னால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, மருந்து ஜன்னலிலிருந்து ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவன் பெத்துராஜ்.

"என்ன அண்ணாச்சி, மதினிக்கு இப்படி ஆயிப்போச்சே" என்று தமிழில் சொல்லிவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினான். "பாருங்க மேடம். ஒரு மாசம் தவறலை. மழையோ பந்த்தோ எதுவானாலும் இவங்க வந்துடுவாங்க. இவங்களை மாதிரி மருந்து வாங்கறவங்க இந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது." சரோஜாவுக்காக வாதாடுகிறோம் என்று நினைத்து உற்சாகமாகச் சொன்னான். பக்கத்துக்குப் பக்கம் சரோஜாவின் கையெழுத்து. குண்டு குண்டான எழுத்து.

டாக்டர் பெருமூச்சு விட்டு, அட்மிஷன் தாளையும் சம்மதத் தாளையும் மகேஸ்வரன் பக்கம் தள்ளினார். "கணவர் இங்கே கையெழுத்துப் போடுங்கள்."

சாதனா பேனாவை மூடி கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

சரோஜா அவரைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். எழுந்து போய்ப் படுத்துக்கொள்வாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"டாக்டர், அந்த மாத்திரை ஆமி கேயேச்சி" என்றார் வங்காளத்தில், நான் தின்றேன் என்று.

டாக்டருக்குப் புரியவில்லை. "எந்த மாத்திரை? ஒருநாள் மாற்றிச் சாப்பிட்டுவிட்டீர்களா?"

"எல்லா மாத்திரையும். ஆறு வருஷமாக. நோய் எனக்கு. பேர் மட்டும் அவளுடையது." பிறகு, யாருக்கும் அரைகுறையாகப் புரிந்துவிடக் கூடாது என்று மகளைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார். "நான்தான் தின்னேன் சாதனா. உங்கம்மா ஒண்ணுகூடத் தொடலை."

டாக்டர் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போனார். "97-இல் முதுகு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. எடுக்கவில்லையே?"

"சீட்டை நான் கிழிச்சுட்டேன்."

"ஏன்?"

பெத்துராஜ் பக்கத்திலேயே நிற்கிறான். இவனுக்குப் பயந்துதான் என்று கையைக் காட்டிச் சொல்ல வாய் வரவில்லை. "ஷேம் டாக்டர், வெக்கம்" என்றார். அது இங்கிலீஷில் எப்படி வந்ததோ அவருக்கே தெரியாது.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சம்மதத் தாளை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அவரை விட்டு முழுக்கத் திரும்பி, சரோஜாவிடம் மட்டும் பேசினார். "மாஷிமா, இன்றைக்கு ஊசி வேண்டாம். ரத்தம் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். உங்கள் உடம்பு மருந்தை ஏற்கவில்லை என்றுதான் பயந்தேன். மருந்தே கொடுக்கவில்லை என்றால் அது வேறு. இன்றைக்கு முதல் ஆரம்பிப்போம். போன எலும்பு முழுசாகத் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம்." தயிர், வெயில், நடை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவ்வளவும் ஆறு வருஷம் முன்னால் மகேஸ்வரன் எழுதிக்கொண்டு வந்த அதே பட்டியல். சரோஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம்.

சாதனா எழுந்து வெளியே போனாள். அவர் பின்னாலேயே போனார். வராந்தாவில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நாளா அம்மாவை என்ன பேச்செல்லாம் பேசிட்டேன். நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"மீன் வறுக்கும்போது நான் உங்களைப் புகழ்ந்தேன்."

"ஆமாம்மா."

"என்கிட்ட இப்போ பேசாதீங்கப்பா. ப்ளீஸ்."

அவள் உள்ளே போய்விட்டாள். மருந்து ஜன்னலுக்குப் போகிற வழியில் பெத்துராஜ் ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, எனக்குப் பயந்துதானே?"

மகேஸ்வரன் அவன் கையிலிருந்த ரிஜிஸ்டரையே பார்த்தார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். இல்லைங்கல. பொங்கலுக்கு மைக்குலயும் சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி. ஒரு மாசம் சிரிச்சிருப்போம். அதுக்கு மேல எவன் அண்ணாச்சி சிரிப்பான்? ஒரு மாச சிரிப்புக்கு மதினியோட முதுகெலும்பையா குடுப்பிய?" என்றான். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பொறுக்காத மாதிரி, விறுவிறுவென்று ஜன்னலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். சரோஜாவின் புது மருந்தைப் பையில் போட்டு நீட்டியபோதும் கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் பயப்படும்படி ஒன்றும் வரவில்லை. மாவுக்கட்டு ஆறு வாரத்தில் பிரித்தாயிற்று. கை கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. தோசைக்கல்லைத் தூக்கினால் நடுங்குகிறது.

இப்போது கேப்பைக் கூழை மகேஸ்வரன் காய்ச்சுகிறார். "கட்டி கட்டியா இருக்கு, கரைச்சுட்டு அடுப்புல வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே சரோஜா குடிக்கிறாள். முதல் நாள் பாதி டம்ளரை அவருக்கென்று வைத்துவிட்டாள், பழக்கதோஷம். அவர் அதைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினார். அவள் மறுபடி இந்தப் பக்கம் தள்ளினாள், அவர் மறுபடி அந்தப் பக்கம் தள்ளினார். கடைசியில் அவள் குடித்தாள்.

மாடி வெயிலில் இப்போது இரண்டு நாற்காலி. ஏரிக்கும் கூட்டிப் போகிறார். அவளால் அரைச் சுற்றுக்கு மேல் முடியவில்லை. "நீங்க முன்னாடி போங்க" என்பாள். அவர் போவதில்லை. மன்னித்துவிட்டாயா என்று ஒருநாள் ஏரிக்கரை பெஞ்சில் கேட்டார். "நடக்க வந்த இடத்துல என்ன பேச்சு" என்று எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

சாதனா பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். மகேஸ்வரன் எடுத்தால், "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாள். மூன்று மாதமாக அவ்வளவுதான். அவர் குடுக்கிறார். தள்ளிப் போகாமல் பக்கத்திலேயே நிற்கிறார். அம்மா தயிர் சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா, வெயிலில் உட்கார்ந்தாளா என்று அவள் கேட்பதும், சரோஜா ஒவ்வொன்றுக்கும் உம் உம் என்பதும் அவர் காதில் விழுகிறது. பதில் உண்மை என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் பால் யாருக்கு, தயிர் யாருக்கு, மீனில் முக்கால் பங்கு யாருக்கு என்று யாரும் சட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு சட்டம் நடந்துகொண்டிருக்கும். இன்று காலையில் உங்கள் வீட்டம்மா என்ன சாப்பிட்டார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள், நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம். கேட்டுவிட்டு, அவர்கள் சொன்ன பதிலை அப்படியே இதன் கீழே எழுதுங்கள். ஒரே வரியானாலும் போதும், கட்டாயம் எழுதுங்கள்.